குழாயில் துருவும் கசிவும்



தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் செய்திகளைப் பற்றி இந்த வரிசையில் பேசி வருகிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வீட்டுத் தண்ணீர்க் குழாய். குழாயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, திறந்தால் தண்ணீர் வருகிறது, மூடினால் நிற்கிறது என்று சிலர் எண்ணலாம். ஆனால் மூடினாலும் நிற்காத பைப்பும், திறந்தால் செந்நீர் வரும் குழாயும் நம் லயங்களில் இல்லாமல் இல்லை.

"ஒரு சொட்டுத்தானே அக்கா, அதனால் என்ன குடி முழுகிப் போகிறது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். அந்த ஒரு சொட்டை முதலில் கணக்குப் பார்ப்போம். நொடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். ஏறக்குறைய 20 சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். ஆகவே ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது. 18 லிட்டர் பிடிக்கும் எண்ணெய் டின் ஒன்று நாலேகால் நாளில் நிரம்பிவிடும். ஓர் ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கும் அதிகம்.

தண்ணீர் வீணாவது ஒரு நட்டம்தான். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. எந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போகிறதோ, அதே ஓட்டை வழியாக அழுக்கு உள்ளே வர முடியும். அது எப்படி என்பதைப் பிறகு விளக்குவோம். முதலில் அந்த ஓட்டை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

இரும்பில் ஓட்டை போடுவது துரு. துரு என்பது இரும்பின் மேல் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் அழுக்கு அன்று. இரும்பே மாறித் துருவாகிறது. காற்றில் இருக்கும் பிராணவாயுவும் தண்ணீரும் ஒன்றாக வந்து இரும்பைத் தொடும்போது இந்த மாற்றம் நடக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் துரு ஏறுவது நின்றுவிடும். இதை நம் பிள்ளைகள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

மூடியுள்ள நான்கு கண்ணாடிச் சீசாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பளபளப்பான புது இரும்பாணி ஒன்றைப் போடுங்கள். முதல் சீசா நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அதில் வறுத்து ஆறவைத்த அரிசி கொஞ்சம் போட்டு இறுக மூடிவிடுங்கள். உள்ளே இருக்கும் ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். இரண்டாவதில், நன்றாகக் கொதிக்க வைத்துச் சற்றே சூடு தணிந்த நீரை ஆணி மூழ்கும்படி ஊற்றி, அதன்மேல் ஒரு விரற்கடை அளவு சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். கொதிக்கும்போது நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடும். எண்ணெய் புதுக்காற்றை உள்ளே விடாது. மூன்றாவதில், பைப்பில் பிடித்த சாதாரணத் தண்ணீரைப் பாதியளவு ஊற்றுங்கள். நான்காவதிலும் அதே அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி உப்பையும் சேருங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். முதல் இரண்டு ஆணிகளில் துரு இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். மூன்றாவது ஆணியில் துரு ஏறியிருக்கும். நான்காவதில் உப்பு துருவை இன்னும் விரைவுபடுத்தியிருக்கும்.

இந்த இரண்டாவது சீசாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் நாடுகளில், பிரிட்டன் போன்ற இடங்களில், வீடுகளுக்குள் சூடு வேண்டும் என்பதற்காகச் சுவரோரமாகத் தட்டையான எஃகுப் பெட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். ஒரு கொதிகலனில் சூடாகும் தண்ணீர் குழாய்கள் வழியே அந்தப் பெட்டிகளுக்குள் ஓடி, அறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் கொதிகலனுக்குத் திரும்பும். எஃகு என்பதும் இரும்புதான். அதற்குள் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கிறதே, அது துருப்பிடித்து ஓட்டையாகிவிடாதா என்று கேட்கத் தோன்றும். அங்கே ஓடுவது ஒரே தண்ணீர். தொடக்கத்தில் அதில் கரைந்திருக்கும் கொஞ்சம் பிராணவாயு கொஞ்சம் துருவை உண்டாக்கிவிட்டுத் தீர்ந்துபோகிறது. அதன்பின் துரு ஏறுவது பெரும்பாலும் அடங்கிவிடும். துருவைத் தடுக்கும் மருந்தையும் அந்தத் தண்ணீரில் கலந்து வைப்பார்கள்.

ஆனால் எங்கேயாவது ஒரு சிறு கசிவு ஏற்பட்டுவிட்டால் கதை மாறிவிடும். குறைந்த தண்ணீருக்கு ஈடாகப் புதுத் தண்ணீர் உள்ளே வரும். அதனோடு புதிய பிராணவாயுவும் வரும். மருந்தும் நீர்த்துப்போகும். மறுபடியும் துரு ஏறும். பெட்டியின் அடியில் கரிய சேறு படியும். இன்னோர் இடத்தில் ஓட்டை விழும். துருவினால் கசிவு, கசிவினால் மேலும் துரு என்று இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்.

நம் வீட்டுக் குழாயில் அந்த நாட்டுக்காரர்களுக்கு உள்ள வசதிகூட நமக்கு இல்லை. நாம் குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் தண்ணீர் எடுக்க எடுக்க, குழாய்க்குள் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. குடிக்கும் நீரில் கண்ட மருந்தையும் கலக்க முடியாது. எனவே நம் குழாய்களைக் காப்பது வேறொரு பொருள். அதுதான் துத்தநாகம்.

நாம் ஜிங்க் என்று சொல்வது இந்தத் துத்தநாகத்தைத்தான். உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுத்துப் பூச்சு ஏற்றும் முறைக்கு, சோரெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1837-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். கூரைத் தகரமும், பழைய தண்ணீர்க் குழாய்களும், இரும்பு வாளியும் இந்த முறையில் செய்யப்பட்டவையே. துத்தநாகப் பூச்சு இரும்பைப் போர்வைபோல மூடி நிற்கிறது. அதோடு, பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும், பக்கத்தில் உள்ள துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. அந்தத் துத்தநாகம் தீரும்வரைதான் இரும்புக்குப் பாதுகாப்பு. தீர்ந்த பிறகு வெறும் இரும்பு.

அது எங்கெங்கே முதலில் தீருகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலாவது, மரை வெட்டிய இடம். குழாய்களை இணைப்பதற்காக முனையில் மரை வெட்டும்போது, அந்த இடத்தில் துத்தநாகமும் போய்விடுகிறது, இரும்பும் மெலிந்துவிடுகிறது. கசிவு பெரும்பாலும் மூட்டுகளில் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது, வேறு உலோகம் சேருகிற இடம். இரும்புக் குழாயில் பித்தளைப் பைப்பையோ செம்புக் குழாயையோ நேராகப் பொருத்தினால், இரண்டு உலோகமும் தண்ணீரும் சேர்ந்து பேட்டரிக் கல்லைப்போல வேலை செய்யும். அதில் துத்தநாகமும் இரும்பும் அரிபடும். பித்தளையும் செம்பும் தப்பித்துக்கொள்ளும். செம்புக் குழாயாக இருந்தால் நடுவே பிளாஸ்டிக் இணைப்பு ஒன்றை வைப்பது நல்லது. இதே காரணத்தால், தகரக் கூரையின்மேல் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டக்கூடாது. செம்பைத் தொட்டு வழியும் மழைநீர் விழும் இடத்தில் தகரம் விரைவில் அரித்துப்போகும்.

மூன்றாவது, எப்போதும் ஈரமாக இருக்கும் இடம். மண்ணில் புதைந்தும் புதையாமலும் கிடக்கும் குழாய், கால்வாய்க்குக் குறுக்கே போகும் குழாய், மக்கிய இலை மூடியிருக்கும் கூரை மடிப்பு, மண்ணின்மேல் நேராக வைத்த இரும்பு டாங்கியின் அடிப்பாகம் ஆகியவை இதில் சேரும். டாங்கிக்குக் கீழே நான்கு செங்கல் வைத்துத் தூக்கினாலே அதன் ஆயுள் கூடும்.

நான்காவது, உப்பும் அமிலமும் படும் இடம். உர மூட்டைகளைக் குழாயின்மேல் சாய்த்து வைக்கக்கூடாது. உரத்தில் உப்புகள் இருக்கின்றன. பால் உறைய வைக்கும் அமிலமும் அப்படியே. துத்தநாகத்தை அது எளிதாகத் தின்றுவிடும். அமிலம் இருந்த வாளியைக் குழாயடியில் கழுவும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

இப்போது, முன்பு சொல்லிவைத்த செய்திக்கு வருவோம். குழாய்க்குள் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கும்வரை ஓட்டையிலிருந்து தண்ணீர் வெளியேதான் வரும். ஆனால் பழுதுபார்ப்பதற்காகத் தண்ணீரை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? மேட்டில் உள்ள குழாயில் இருக்கும் தண்ணீர் பள்ளத்தை நோக்கி இறங்கும். அது இறங்கும்போது, பின்னால் வெற்றிடம் உண்டாகி, திறந்திருக்கும் வழியெல்லாம் உறிஞ்சும். ஓட்டை வெறும் காற்றில் இருந்தால் காற்றை உறிஞ்சும். ஓட்டை சாக்கடை நீரில் கிடந்தால் சாக்கடை நீரை உறிஞ்சும். பிறகு தண்ணீர் திறந்துவிடப்படும்போது, அந்த அழுக்கு நேராக நம் வீட்டுப் பைப்புக்கு வந்துசேரும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரிலும் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா போன்ற நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும். இதில் முதலில் வாடுவது கைக்குழந்தைகள்தாம்.

ஆகவே, கால்வாய்க்குள் கிடக்கும் குழாயில் சிறு கசிவு இருந்தாலும் அதைச் சிறியது என்று விட்டுவிடாதீர்கள். முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். தண்ணீர் நின்று மீண்டும் வந்தால், முதலில் வரும் நீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதைக் கழுவித் துடைக்கப் பயன்படுத்துங்கள். குடிக்கும் நீரை ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடிய பாத்திரத்தில் வையுங்கள்.

தண்ணீர் சிவப்பாக வந்தால் அது நஞ்சா என்று தாய்மார்கள் அஞ்சுவது இயல்பு. துருவில் இருக்கும் இரும்பு சிறு அளவில் உடலுக்குக் கெடுதல் செய்வதில்லை. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போனால் சுவை கெடும், துணியில் கறை படியும். தேநீர் போட்டால் அது மைபோலக் கறுத்துப்போவதும் இரும்பு கூடுதலாக இருப்பதற்கு ஓர் அடையாளம். தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு உண்டாகிறது. துருக்கறை பட்ட பள்ளிச் சட்டையைக் குளோரின் போட்டு வெளுக்காதீர்கள். கறை இன்னும் இறுகிவிடும். எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தேய்த்து, வெயிலில் சிறிது நேரம் வைத்து அலசினால் கறை மங்கும்.

துரு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் ஓர் எளிய வழி உண்டு. காலையில் முதன்முதலாகப் பைப்பைத் திறந்து, வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் பிடியுங்கள். இரண்டு நிமிடம் ஓடவிட்டு இன்னொரு கிண்ணம் பிடியுங்கள். முதல் கிண்ணம் சிவந்தும் இரண்டாவது தெளிந்தும் இருந்தால், துரு உங்கள் வீட்டுக் குழாயில் இருக்கிறது. இரண்டும் சிவந்திருந்தால் பக்கத்து வீடுகளிலும் அப்படியே செய்து பாருங்கள். லயம் முழுவதும் அப்படி வந்தால், குறை பெரிய குழாயிலோ டாங்கியிலோ இருக்க வேண்டும்.

இனி, நம் கையால் செய்யக்கூடிய பழுதுகளைச் சொல்கிறோம்.

பைப்பு சொட்டுகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாசர் தேய்ந்திருக்கும். முதலில் வீட்டுக்கு வரும் வால்வை மூடுங்கள். பைப்பைத் திறந்து மீதித் தண்ணீரை வடியவிடுங்கள். ஸ்பேனரால் தலைப்பாகத்தைக் கழற்றி, பழைய வாசரை எடுத்துக்கொண்டு இரும்புக் கடைக்குப் போய், அதே அளவில் புதியது வாங்கிப் போடுங்கள். சொட்டை நிறுத்துவதற்காகப் பைப்பைப் பலங்கொண்ட மட்டும் முறுக்காதீர்கள். வாசர் நசுங்கி இன்னும் விரைவில் கெடும்.

மூட்டில் கசிந்தால், தண்ணீரை அடைத்துவிட்டு மூட்டைக் கழற்றி, மரையைத் துடைத்துக் காயவையுங்கள். டெஃப்லான் என்று கடையில் விற்கும் மெல்லிய வெள்ளை டேப்பை, மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் பக்கமாக இழுத்துச் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போது டேப்பு பிரிந்துவிடும். முன்பெல்லாம் சணல் நாரில் சிவப்பு ஈயச் சாயத்தைத் தடவிச் சுற்றுவார்கள். குடிநீர்க் குழாயில் அதைச் செய்யவே கூடாது.

குழாயின் நடுவில் ஊசித் துளை விழுந்திருந்தால், அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி, துளையின்மேல் இறுகச் சுற்றி, இரும்புக் கடையில் கிடைக்கும் வளையக் கிளிப்பை இரு பக்கமும் போட்டு முறுக்குங்கள். இது சில நாட்களுக்கான கட்டுத்தான். ஊசித் துளை விழுந்த இடத்தில் குழாய் உட்புறமாகவே மெலிந்துபோயிருக்கும். அந்தத் துண்டை மாற்றுவதே முறை.

வீட்டில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கப் பயன்படும் ஈயக் கம்பியை உருக்கி, தண்ணீர் டாங்கியின் ஓட்டையை அடைக்கச் சிலர் முற்படுவார்கள். அந்தக் கம்பியில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும். காரீயம் சிறிது சிறிதாகத் தண்ணீரில் இறங்கி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அமெரிக்காவில் பிலின்ட் என்ற நகரத்தில் 2014-ஆம் ஆண்டு குடிநீரை வேறோர் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அரிப்பைத் தடுக்கும் பொருளை அந்த நீரில் சேர்க்காமல் விட்டார்கள். பழைய குழாய்களிலிருந்த காரீயம் தண்ணீரில் கலந்து, பல பிள்ளைகளின் இரத்தத்தில் ஏறியது. பெரிய நகரத்திலேயே குழாய் அரிப்பு இவ்வளவு துன்பம் தந்தது என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

டாங்கியையும் பீப்பாயையும் பற்றி இரண்டு வார்த்தை. அடியில் சேறு படிந்தால் சேற்றுக்கு அடியில் துரு மறைவாக இரும்பைத் தின்னும். ஆகவே டாங்கியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறைத்துவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்தால் துத்தநாகமும் சேர்ந்து போய்விடும். குளியலறைத் தொட்டியையும் பீப்பாயையும் வாரம் ஒருமுறை தேய்த்து, மூடி வையுங்கள். டெங்கிக் கொசு பெரும்பாலும் தெளிந்த நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். கசிந்த நீர் தேங்கும் குட்டையையும் மண் போட்டு மூடிவிடுங்கள்.

இரும்புப் பீப்பாய் ஓட்டையாகிவிட்டது என்பதற்காக, மருந்து வந்த பீப்பாயைக் கழுவித் தண்ணீர் பிடிக்காதீர்கள். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் இருந்த பாத்திரம் எத்தனை முறை கழுவினாலும் வீட்டுக்கு ஆகாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய பீப்பாய்கள் எங்காவது மூலையில் கிடக்கலாம். அவற்றைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் புதிய குழாய்கள் பலவும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை துருப்பிடிக்கா. ஆனால் வெயிலில் கிடந்தால் பிவிசி குழாய் நொறுங்கும் தன்மை அடையும்; மண்வெட்டி பட்டால் உடையும். ஓட்டை எதனால் விழுந்தாலும் சாக்கடை நீர் உள்ளே வரும் வழி ஒன்றுதான். ஆகவே கவனம் அங்கேயும் வேண்டும்.

நேயர்களே, பெரிய குழாயையும் பொது டாங்கியையும் நாமே வெட்டி ஒட்டுவது சரியாகாது. அது நிர்வாகத்தின் பொறுப்பு. 1990-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019-இல் திருத்தப்பட்ட தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம், அதாவது 446-ஆம் சட்டம், தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் முதலாளிக்குக் கடமைகளை விதிக்கிறது. போதிய தண்ணீர் கொடுப்பதும், வீட்டை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைப்பதும் அவற்றில் அடங்கும். எனவே குழாய் கசிகிறது என்று சொல்லப் போகும்போது, தயவு கேட்பதுபோல் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. சண்டைக்குப் போவதுபோலவும் போக வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, இடம், கசிவின் அளவு, எத்தனை வீடுகளுக்குத் தொல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளை அதை எழுதட்டும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து அலுவலகத்தில் கொடுத்து, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பலமுறை சொல்லியும் நடக்காவிட்டால், சங்கத்தின் மூலமாகவோ நேராகவோ தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்கலாம். எழுதி வைத்த கணக்கு அப்போது பெரிதும் உதவும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கூடவே நடந்து பாருங்கள். மூட்டுகளைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் தெரிகிற இடத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். கால்வாயில் கிடக்கும் குழாய் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். துரு மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் இரவு பகல் ஓய்வில்லாமல் செய்யும். ஈரக்கசிவாக இருக்கும்போதே அதைக் கண்டுபிடித்தால் ஒரு டேப்பிலோ ஒரு வாசரிலோ வேலை முடிந்துவிடும். விட்டுவிட்டால், அதற்கு விலை கொடுப்பவர்கள் நம் பிள்ளைகளாக இருக்கலாம்.

நல்ல தண்ணீர் நம் எல்லா வீடுகளுக்கும் வரட்டும். மீண்டும் வேறொரு பொருளோடு உங்களைச் சந்திக்கிறோம். வணக்கம்.